ட்ரிப் ஆகிற ஸ்விட்சைக் கழற்றச் சொன்னவரை இனி வீட்டுக்குள் விடாதீர்கள்

ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது.

கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய வாடகை வீடு. கூடத்தில் மரப்பட்டியில் ஓடும் அந்தக் காலத்து வயரிங். சமையலறைக்கும் கிணற்று மோட்டாருக்கும் மட்டும் பிற்பாடு பைப் போட்டு வயர் இழுத்திருக்கிறார்கள். கணவர் சவூதியில். வீட்டில் இவரும் மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து விடியற்காலையில், கரண்ட் கசிந்தால் இணைப்பை வெட்டும் 'ஈ.எல்.சி.பி.' ஸ்விட்ச் தானாக விழுந்து வீடே இருண்டுபோகும்; ஒன்பது, பத்து மணிக்கு மேல் தூக்கிவிட்டால் நிற்கும். வழக்கமாக வேலைக்கு வரும் தம்பி ஒருவர் "இது கடல் காத்துக்கு சும்மா சும்மா விழுதுக்கா" என்று அதைக் கழற்றிவிட்டு நேர் இணைப்பு கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கரண்ட் போவதில்லை. ஆனால் வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்கிறது. முன்பு எப்போதாவது இருந்தது, இப்போது தினமும். டெஸ்டர் வைத்தால் எரிகிறது. பிளக்குக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை வந்து செய்துதருகிறேன் என்கிறாராம் அந்தத் தம்பி.

இதற்கிடையே ஒரு நாள் மாலை கூடத்து விளக்குகள் கண் கூசும்படி எரிந்து, ஃபேன் பேய் வேகத்தில் சுற்றி, டி.வி. கருகிய வாடையோடு நின்றுபோனது. அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டிலும் அப்படித்தான். அயர்ன்பாக்ஸ் சொருகும் போர்டு வேறு சூடாகிறது. பிளக் ஓட்டையைச் சுற்றிக் கறுத்திருக்கிறது.

ஓனர் "உப்புக் காத்துல எல்லா வீட்லயும் இப்படித்தான், குடியிருக்கறவங்கதான் பாத்துக்கணும்" என்கிறார். மாமியார் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறக்கச் சொல்கிறார். கணவர் பொங்கலுக்கு வந்து பார்க்கிறேன் என்கிறார். எது நானே பார்க்கக்கூடியது, எதற்கு எலக்ட்ரீஷியன், எதற்கு ஈ.பி., இந்த ஃபிரிட்ஜை விற்றுவிடலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, பொங்கல் வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இதில் டி.வி. மட்டும்தான். மற்றதை இன்றே கவனிக்க வேண்டும். காலில் காய்ந்த செருப்போடு, கை ஈரமில்லாமல், மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். பிறகு ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன்பாக்ஸ் என்று மூன்று பின் பிளக் உள்ள எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். மோட்டாரின் ஸ்விட்சையும், போர்டில் அதற்குரிய எம்.சி.பி.யையும் (லோடு கூடினால் தானாக விழும் ஸ்விட்ச்) இறக்கிவையுங்கள். அதன்பிறகு மெயினைப் போட்டு விளக்கும் ஃபேனும் மட்டும் ஓடட்டும். ஃபிரிட்ஜில் மீன் இருந்தால் ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள்; மண்டபத்தில் ஐஸுக்கா பஞ்சம்? ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீரைக் கிணற்றில் வாளியால் இறைத்துக்கொள்ளுங்கள். சிரமம்தான், தெரிந்தேதான் சொல்கிறேன். பிளக்கைச் சேர்த்துத் தருகிறேன் என்ற தம்பியை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று இப்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள். ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

உங்கள் கடிதம் முழுக்க, நடந்ததெல்லாம் உப்புக்காற்றால் வந்த ஒரே கோளாறு என்ற எண்ணம் ஓடுகிறது. உப்புக்கு எல்லாவற்றிலும் பங்கு உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பவை தனித்தனிக் கோளாறுகள். ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டிய ஆளும் வேறு வேறு.

விடியற்காலையில் அது ஏன் விழுந்தது

கடைக்காரர்களும் நாமும் பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்கிறோம், இப்போது விற்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு வழி தவறிச் சுவர் வழியாகவோ, ஈரத் தரை வழியாகவோ, ஒரு மனித உடல் வழியாகவோ போனால் நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி.யின் வேலை இது இல்லை. அது வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கிறது. மனிதரைக் காப்பாற்றுவது அதற்குத் தெரியாது.

நம் கரையில் வீட்டுக்குள் வருகிற காற்றில் உப்பு இருக்கிறது. அது ஸ்விட்ச் பெட்டிக்குள்ளும், வெளிவாசல் பல்ப் ஹோல்டரிலும், மோட்டார் டெர்மினலிலும் மெல்லிய படலமாகப் படியும். உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. இரவில் ஈரப்பதம் ஏற ஏற அந்தப் படலம் நனைந்து கரண்ட் கசியும் பாதையாகிறது; வெயில் ஏறியதும் காய்ந்துவிடுகிறது. விடியலில் விழுந்து பத்து மணிக்கு மேல் நின்றதன் ரகசியம் இதுதான். ஓரிடத்தில் பெரிதாகக் கசிய வேண்டியதே இல்லை. நான்கைந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தாலும் கூட்டிப் பார்த்தால் கணக்கு எட்டிவிடும்.

ஆக, 'சும்மா' ஒருநாளும் விழவில்லை. வாசலில் குரைத்த நாயைத் திருடன் பேச்சைக் கேட்டு விரட்டிவிட்ட கதையாகிவிட்டது உங்கள் வீட்டில் நடந்தது.

அடிக்கடி விழுந்தால் கசியும் இடத்தைத் தேட வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, கருவி திரும்பப் பொருத்தப்பட்ட பிறகு நீங்களே செய்யலாம். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் சொருகி எதில் விழுகிறது என்று பாருங்கள். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது, பிடுங்கவே வேண்டும். ஸ்விட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் வழியாக நடக்கும் கசிவு அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்கியும் விழுந்தால் கோளாறு வயரிங்கிலோ, பிளக் இல்லாமல் நேராக இணைத்த மோட்டாரிலோ இருக்கிறது. அதோடு உங்கள் வேலை முடிந்தது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மோட்டாருக்கும் வெளிவிளக்குக்கும் மட்டும் தனியாக ஒரு ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.சி.பி., எம்.சி.பி. இரண்டின் வேலையையும் ஒன்றாகச் செய்வது) போடச் சொல்லலாம். மழைநாளில் அது மட்டும் விழும். வீட்டுக்குள் விளக்கு எரியும். கடற்கரை வீடுகளுக்கு இந்தச் செலவு தகும் என்பது என் கருத்து.

ஃபிரிட்ஜில் அடிக்கிற ஷாக்

டெஸ்டர் எரிந்ததை வைத்து 'ஃபிரிட்ஜில் கரண்ட் இறங்குகிறது' என்று முடிவு செய்துவிட்டீர்கள். டெஸ்டர் மிக மிகக் குறைந்த கரண்டிலும் எரியும். எவ்வளவு என்று சொல்லாது. அது எரியாததால் பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் டெஸ்டர் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: ஃபிரிட்ஜின் உடம்புக்கு எர்த் கிடைக்கவில்லை. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிருக்கும், உங்கள் கைக்கு வந்திருக்காது.

இங்கேதான் ஒரு நுணுக்கம். வீட்டில் உள்ள எல்லா மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னும் ஒரே எர்த் வயரில் சேருகின்றன. அந்த வயர் மண்ணில் புதைத்த பைப்போடு சேரும் இடத்தில் துருப்பிடித்து அறுந்துபோயிருந்தால், மோட்டாரில் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போக வழியின்றி, அதே எர்த் வயர் வழியாக ஃபிரிட்ஜின் கதவுக்கும் கிரைண்டருக்கும் வந்து நிற்கும். குற்றம் செய்தது கிணற்றடியில் இருக்கும், பழி ஃபிரிட்ஜின் மேல் விழும். உங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று நான் சந்தேகப்படுகிறேன். எல்லா மூன்று பின் பிளக்கையும் பிடுங்கச் சொன்னது அதனால்தான். மோட்டாரைப் போட்டுவிட்டு ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யும் வேலை மட்டும் வேண்டாம். மீட்டர் வைத்திருப்பவர் அதைப் பார்க்கட்டும்.

நம் பக்கம் எர்த் கிடைப்பது கஷ்டமில்லை. கொஞ்சம் தோண்டினாலே உப்பு ஈர மணல். கரண்டை நன்றாக வாங்கிக்கொள்ளும். அது நிலைப்பதுதான் கஷ்டம். அதே உப்பு ஜி.ஐ. பைப்பை அரித்துவிடும், மேலே வயரை முடுக்கும் போல்ட் முதலில் போகும். ஊர்ப்பக்கம் எர்த் குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டுவது பழக்கம். கடலோர மண்ணில் மூட்டை உப்பைக் கொட்டுவது பைப்பின் ஆயுளைக் குறைக்கிற வேலை. இரண்டரை மீட்டர் பைப் ஈரம் தொடும் ஆழத்துக்கு இறங்கி, மேல் இணைப்பு கண்ணுக்குத் தெரியும்படி மூடி போட்ட சின்னக் குழியில் இருந்தால், வருஷம் ஒருமுறை மழைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.

எர்த் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. கணக்குப் பாருங்கள். துருவேறிய எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் வழியாக 11.5 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாமல் நிற்கும். ஃபிரிட்ஜின் உடம்பில் முழு வோல்டேஜ் இருக்க, வீட்டில் எந்த அறிகுறியும் தெரியாது. ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த 11.5 ஆம்பியரில் மிகச் சிறிய பங்கு போகும்போதே வெட்டிவிடும். எர்த்தும் அதுவும் இரண்டும் வேண்டும். அப்படியும் ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது, அதற்கு அவரும் ஒரு பல்பும் ஒன்றுதான்.

அத்தை சொல்லும் ரப்பர் செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, காய்ந்த செருப்பு ஓரளவு தடுக்கும். ஆனால் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவந்து ஐஸ் வாட்டர் எடுக்கிற பிள்ளை செருப்பைத் தேடாது.

பிளக்குக்குள் 'சேர்த்து'விடுவது பற்றி

டி.வி. போன மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று கோளாறானது தெரு நியூட்ரல்; எப்படி என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்திருந்தால், நியூட்ரல் அறுந்த அந்த நிமிஷம் அதில் ஏறிய வோல்டேஜ் அப்படியே ஃபிரிட்ஜின் கதவுக்கு வந்திருக்கும். உங்கள் வீட்டு நியூட்ரலே அறுந்தால் இன்னும் மோசம். எரிய முயலும் ஒரே ஒரு பல்ப் வழியாக 230 வோல்ட் கதவில் வந்து நிற்கும். 'சுர்' நின்றுவிடும் என்று தம்பி சொல்வது உண்மைதான். சாதாரண நாட்களில் நிற்கும். நியூட்ரல் போகிற நாளில் ஆளைக் கொல்லும். ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் இப்படிச் சேர்த்தால், தூக்கத் தூக்க அது விழுந்துகொண்டே இருக்கும். அதைக் கழற்றியதற்கும் இந்த யோசனைக்கும் இப்போது தொடர்பு புரியும்.

அந்த மாலை நடந்தது ஈ.பி. வேலை

தெருக் கம்பத்தில் மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும் ஓடுகின்றன. வீடுகளை மூன்று பேஸிலும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவான நியூட்ரல் எங்காவது அறுந்தாலோ, இணைப்பில் களிம்பேறித் தளர்ந்தாலோ, லோடு அதிகமுள்ள வீடுகளில் வெளிச்சம் மங்கும். குறைந்த வீடுகளில் வோல்டேஜ் 230ஐத் தாண்டி 400 பக்கம்கூட ஏறும். சில விளக்கு கண் கூச, சில விளக்கு அழுது வடிய, பக்கத்து வீட்டிலும் அதே நிலை என்றால் வேறு சந்தேகம் வேண்டாம். உடனே மெயினை இறக்குங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம். சர்வீஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டு எலக்ட்ரீஷியனைக் கம்பத்தில் ஏற்றாதீர்கள். மீட்டரும் அதன் சீலும் அப்படித்தான்; சீலை உடைத்தால் 2003 மின்சாரச் சட்டத்தில் மின் திருட்டு வழக்கு வரை போகும்.

பிறகு மூன்று வீட்டாரும் சேர்ந்து பிரிவு அலுவலக உதவி மின் பொறியாளரிடம் எழுத்து மூலமாக ஒரு மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். டி.வி. பணம் திரும்பும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அந்த இணைப்பைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போகாமல் புதிதாகப் போட வைக்கத்தான் மனு. பதில் வராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் மட்டும் இப்படி நடந்து பக்கத்து வீட்டில் இல்லையென்றால், கோளாறு உங்கள் சர்வீஸ் வயரிலோ மெயின் போர்டின் நியூட்ரல் லிங்கிலோ இருக்கும். அப்போதும் மெயினை இறக்கிவிட்டு முதலில் ஈ.பி.யிடமே சொல்லுங்கள். மீட்டர் வரை அவர்கள் பொறுப்பு, மீட்டருக்குப் பின் வீட்டுப் பொறுப்பு.

கறுத்துப்போன போர்டு

அயர்ன்பாக்ஸ் 1000 வாட் என்றால் நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அந்த 5 ஆம்ப்ஸ் பிளக் தாங்க வேண்டியதுதான். தாங்கவில்லை என்றால் உள்ளே பித்தளை இடுக்கி தளர்ந்து, வயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. தளர்ந்த இடத்தில்தான் சூடு பிறக்கும். அந்தச் சூட்டை எம்.சி.பி.யும் உணராது, ஆர்.சி.சி.பி.யும் உணராது. மரப்பட்டி வயரிங்கில் தீ தொடங்குவது இப்படித்தான். சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது, கறுத்த வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு இணைக்க வேண்டும். அதுவரை அந்த போர்டை உபயோகிக்கவே வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் எல்லாம் 15 ஆம்ப்ஸ் பிளக்கில் மட்டும்.

உங்கள் கையால் செய்யக்கூடியது

பல்ப் மாற்றலாம், மெயினை இறக்கிவிட்டு. விழுந்த எம்.சி.பி.யை ஒருமுறை தூக்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி விழுகிறதா என்று பார்க்கலாம். விழாவிட்டால் அது செத்த கருவி. பொத்தான் அந்தக் கருவியைத்தான் சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

பழைய ஃபியூஸ் கட்டையில் செம்புக் கம்பியைத் திரித்துக் கட்டக் கூடாது. துணிக் கொடியைச் சர்வீஸ் பைப்பிலோ ஸ்டே கம்பியிலோ கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்து, வேறு இடத்தில் நைலான் கயிறாகக் கட்டுங்கள். வெந்நீருக்கு ராடு உபயோகித்தால், நம் ஊர்த் தண்ணீர் அதன் உறையைச் சீக்கிரம் அரித்துவிடும். பிளக்கைப் பிடுங்காமல் வாளியில் கை வைக்காதீர்கள்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 41 செ.மீ. கொட்டியதுபோல மழை வந்து தண்ணீர் வீட்டுக்குள் ஏறினால், மெயின் இருக்கும் இடத்துக்குக் காய்ந்த தரையில் போக முடிந்தால் மட்டும் இறக்குங்கள். தண்ணீரில் நடந்துதான் போக வேண்டுமென்றால் வெளியேறி, கம்பத்திலேயே நிறுத்தச் சொல்லி ஈ.பி.க்குப் போன் செய்யுங்கள். யாரையாவது கரண்ட் பிடித்தால் தொடாதீர்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு அல்லது காய்ந்த கட்டையால் விலக்கிவிட்டு 108க்குச் சொல்லுங்கள்.

எப்படிப்பட்ட எலக்ட்ரீஷியன்

வயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கையில் மெகர் (வயரின் இன்சுலேஷன், அதாவது உறை, கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவி) கொண்டுவருவாரா என்றும் கேளுங்கள். டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் கொண்டு வருபவர் உங்கள் வீட்டுக்குப் போதாது. வயரிங்கின் இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும். மோட்டாரையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். முடிந்தால் காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள், மத்தியானம் எல்லாம் காய்ந்தபின் வந்தால் கோளாறு பிடிபடாது. வேலை வரிசையாக நடக்கட்டும்: முதலில் எர்த், பிறகு மோட்டார், பிறகு ஆர்.சி.சி.பி. திரும்பப் பொருத்துவது, கடைசியில் போர்டு. போகும்முன் டெஸ்ட் பொத்தானை உங்கள் கண்முன் அழுத்திக் காட்டட்டும்.

ஓனரிடம் என்ன சொல்வது

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வீட்டு வயரிங்கும் அதன் பராமரிப்பும் அதன்படி ஓனர் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. ஆக எர்த்தும் வயரிங்கும் அவருடையது, கறுத்த சாக்கெட் உங்களுடையது. சண்டைக்குப் போகாதீர்கள். எலக்ட்ரீஷியன் எழுதித் தரும் அளவுகளைப் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கணவருக்கும் அனுப்புங்கள். 'ஷாக் அடிக்குது' என்றால் தட்டிக்கழிப்பார். 'எர்த் அறுந்திருக்கு, எழுத்துல இருக்கு' என்றால், ஏதாவது நடந்தால் தன் தலையில் விழும் என்று யோசிப்பார். அவர் இழுத்தடித்தாலும் எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் நீங்களே செய்துவிட்டு ரசீதை வைத்துக்கொண்டு வாடகையில் கழிக்கப் பேசுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடு, அவர் மனம் மாறும் வரை காத்திருக்க முடியாது.

ஃபிரிட்ஜை இப்போதைக்கு விற்காதீர்கள். எர்த் சரியானபின் அதைத் தனியாக மெகரில் அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக வந்தால் அதில் குறை ஒன்றுமில்லை, மீனை உள்ளே வைக்கலாம். குறைவாக வந்தால் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கதவடி ஹீட்டரோ கம்ப்ரஸர் டெர்மினலோ ரிப்பேரில் தீர்ந்துவிடலாம். இன்னொன்று, ஷாக் அடிக்கிறது என்று தெரிந்தே அதை வேறு ஒரு வீட்டுக்கு விற்பதற்கு உங்களுக்கு மனசு வராது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தவனுக்குத் தோன்றுகிறது.